வீட்டில் படிக்கும் பிள்ளைகளுக்கு ஓராண்டு இயற்பியல், வேதியியல்: செய்முறைகளை எப்படித் திட்டமிடுவது?

ஏழு வயதும் பத்து வயதும் ஆன இரண்டு பிள்ளைகளை வீட்டிலேயே படிக்க வைக்கும் நீங்கள், வரும் ஓராண்டில் அவர்கள் இயற்பியலையும் வேதியியலையும் கையால் செய்து பார்த்தே கற்க வேண்டும் என்று விரும்புகிறீர்கள். செய்முறைகளின் பட்டியல்கள் எங்கும் கொட்டிக் கிடக்கின்றன. ஆனால் எதை முதலில் செய்வது, எதை விட்டுவிடுவது, இரண்டு வயதினரையும் ஒரே மேசையில் எப்படி உட்கார வைப்பது என்பதுதான் பிடிபடவில்லை என்றும், பள்ளிக்குப் பிறகு அறிவியல் படிக்காததால் தயக்கமாக இருக்கிறது என்றும் கேட்டிருக்கிறீர்கள்.

பட்டியலைச் சுருக்குவதிலிருந்து தொடங்குங்கள். வாரத்துக்கு இரண்டு புதிய வித்தைகள் என்று ஆண்டு முழுவதும் காட்டினால் பிள்ளைகள் மகிழ்வார்கள், ஆனால் ஆண்டு முடிவில் அவர்களிடம் ஒன்றோடொன்று சேராத எழுபது காட்சிகளே மிஞ்சும். அதற்குப் பதிலாக ஆறு பெரிய கேள்விகளை எடுத்துக்கொண்டு, ஒவ்வொன்றிலும் ஐந்து வாரம் தங்குங்கள். ஒரு செய்முறையைத் திட்டத்தில் சேர்ப்பதா வேண்டாமா என்று முடிவு செய்ய நான் பயன்படுத்தும் அளவுகோல் எளியது: அதில் பிள்ளை மாற்றிப் பார்க்க ஒரு பொருளும், அளந்து பார்க்க ஒரு பொருளும் இருக்க வேண்டும். சமையல் சோடாவில் வினிகரை ஊற்றி எரிமலை பொங்குவதைப் பார்ப்பது வெறும் காட்சி. சோடாவின் அளவை மாற்றினால் நுரையின் உயரம் எப்படி மாறுகிறது என்று கேட்டு, வினிகரின் அளவையும் பாத்திரத்தையும் மாற்றாமல் வைத்துக்கொண்டு அளக்கத் தொடங்கும்போது அதுவே சோதனையாகிறது.

கால அளவைப் பொறுத்தவரை, 36 வாரங்களைக் கணக்கில் கொண்டு, அவற்றில் 30 வாரங்களை ஆறு கேள்விகளுக்கு ஒதுக்கி, ஒவ்வொரு கேள்வி முடிந்த பின்னும் ஒரு வாரத்தைக் காலியாக விடுங்கள். காய்ச்சல், பயணம், தோற்றுப்போன சோதனையைத் திரும்பச் செய்வது ஆகிய எல்லாம் அந்தக் காலி வாரங்களில்தான் அடங்கும். அவை இல்லாத திட்டம் மூன்றாம் மாதமே கைவிடப்படும். வாரத்துக்கு இரண்டு அமர்வுகள் போதும். முதல் அமர்வு பொருள்களோடு தாராளமாக விளையாடிக் கேள்வியைக் கண்டுபிடிப்பதற்கு, இரண்டாவது அதே கேள்வியை அளந்து பார்ப்பதற்கு. இவற்றோடு ஆண்டு முழுவதும் ஓடும் சிறு வேலை ஒன்றையும் வைத்துக்கொள்ளுங்கள்: வெயில் விழும் ஓரிடத்தில் ஒரு குச்சியைச் செங்குத்தாக நட்டு, வாரம் ஒருமுறை நடுப்பகல் வேளையில் நிழலின் மிகக் குறைந்த நீளத்தையும் திசையையும் குறித்து வாருங்கள். அந்தக் குறைந்த நீளம் சரியாக 12 மணிக்கு வருவதில்லை என்பதையும், மாதங்கள் நகர நகர அது மாறுகிறது என்பதையும் பிள்ளைகள் தாமே கண்டுகொள்வார்கள்.

கேள்விகளின் வரிசை முக்கியமானது. கண்ணால் பார்த்துக் கையால் தூக்கிப் பார்க்கக்கூடியவை முதலில் வர வேண்டும். மின்சாரம்போல விளைவை மட்டுமே பார்க்க முடிகிறவை கடைசியில் வர வேண்டும். ஆகவே மிதத்தலும் அமிழ்தலும், வெப்பம், கலவைகளும் வேதிமாற்றமும், இயக்கம், ஒலியும் ஒளியும், மின்சாரமும் காந்தமும் என்ற வரிசையைப் பரிந்துரைக்கிறேன். காந்தத்தில் தொடங்கத் தோன்றலாம், ஏனெனில் அது பிள்ளைகளை உடனே ஈர்க்கிறது. ஆனால் அளக்கும் பழக்கம் வராத பிள்ளை காந்தத்தோடு விளையாடுவதைத் தாண்டிப் போவதில்லை.

மிதத்தலில் தொடங்கச் சொல்வதற்குக் காரணம், கனமானது மூழ்கும், இலேசானது மிதக்கும் என்ற உறுதியான நம்பிக்கையோடு ஏறக்குறைய எல்லாப் பிள்ளைகளும் வருகிறார்கள் என்பதே. அந்த நம்பிக்கையை நீங்கள் மறுத்துப் பேச வேண்டாம். களிமண் உருண்டை ஒன்றைத் தராசில் நிறுத்து எடையை எழுதச் சொல்லி, தண்ணீரில் போடச் சொல்லுங்கள். மூழ்கும். அதே களிமண்ணை எடுத்துத் துடைத்து, விளிம்புள்ள படகாக வனைந்து, மறுபடி நிறுத்து, தண்ணீரில் வைக்கச் சொல்லுங்கள். எடை மாறவில்லை, ஆனால் மிதக்கிறது. இதற்குப் பின் எந்தப் படகு அதிகக் கோலிகளைத் தாங்கும் என்ற போட்டியை ஒரு வாரம் முழுக்க நடத்தலாம். பத்து வயதுப் பிள்ளை அளவுச்சாடியில் தண்ணீர் எவ்வளவு உயர்கிறது என்று பார்த்து ஒரு கல்லின் கன அளவைக் கண்டுபிடித்து, எடையை அதனால் வகுத்தால் அடர்த்தி என்ற கருத்து வரையறையாக வராமல் விடையாக வரும். ஒரு மில்லிலிட்டர் தண்ணீரின் எடை ஒரு கிராம் என்பதையும் அவர்களே நிறுத்துக் கண்டுபிடிக்கட்டும். ஆண்டு முழுவதும் அது கைகொடுக்கும். உப்புக் கரைசலில் முட்டை மிதக்கும் சோதனையும் இங்கேதான் பொருந்தும், ஆனால் ஒவ்வொரு கரண்டி உப்பாகச் சேர்த்து, எத்தனையாவது கரண்டியில் முட்டை எழுகிறது என்று எண்ணிப் பார்த்தால் மட்டுமே அதற்குப் பயன் உண்டு.

வெப்பம் பற்றிய ஐந்து வாரங்களில் ஒரே கருவிதான் வேண்டும், வெப்பமானி. முதல் நாள், 20 பாகை செல்சியஸ் தண்ணீர் ஒரு குவளையும் 40 பாகை தண்ணீர் ஒரு குவளையும் கலந்தால் வெப்பநிலை எவ்வளவு இருக்கும் என்று கேளுங்கள். சிறியவர்கள் பலரும் 60 என்பார்கள்; எண்களைக் கூட்டத் தெரிந்ததன் விளைவு அது. கலந்து பார்த்தால் 30-ஐ ஒட்டி நிற்கும். வெப்பநிலை என்பது தண்ணீரைப் போல ஊற்றிச் சேர்க்கக்கூடிய அளவு அல்ல என்பதை உணர இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியாது. அடுத்த கேள்வி இன்னும் ஆழமானது: கம்பளி சூடு தருமா? வெப்பமானியைக் கம்பளித் துணிக்குள் சுற்றி மணிக்கணக்கில் வைத்தாலும் அறையின் வெப்பநிலைக்கு மேல் அது ஏறாது என்பதைப் பார்க்கும் பிள்ளை முதலில் வெப்பமானி பழுது என்றுதான் சொல்லும். வேறொரு துணி, வேறொரு அறை, இரவு முழுவதும் என்று அதற்கு வேண்டிய அவகாசத்தைக் கொடுங்கள். பிறகு அதே துணியால் வெந்நீர்க் குவளை ஒன்றையும் பனிக்கட்டிக் குவளை ஒன்றையும் சுற்றி, சுற்றாத இரண்டு குவளைகளோடு ஒப்பிடச் சொன்னால், துணி சூட்டை உண்டாக்குவதில்லை, சூடு நகர்வதைத் தாமதப்படுத்துகிறது என்ற முடிவுக்கு அவர்களே வருவார்கள். மூன்றாவது சோதனையில், பனிக்கட்டியும் தண்ணீரும் கலந்த பாத்திரத்தைக் கிளறிக்கொண்டே இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை வெப்பநிலையை வரைபடத்தில் குறிக்கச் சொல்லுங்கள். கடைசித் துண்டு கரையும்வரை கோடு 0 பாகையை ஒட்டியே படுத்துக் கிடக்கும், அதன் பிறகே எழும். பிளாஸ்டிக் குப்பியில் பாதிக்குமேல் தண்ணீர் ஊற்றி மட்டத்தைக் குறித்து உறைய வைத்தால், கன அளவு சுமார் 9 விழுக்காடு கூடியிருப்பதையும் அளக்கலாம். கண்ணாடிக் குப்பி இதற்கு ஆகாது, வெடித்துவிடும்.

வேதிமாற்றத்துக்கு முன் கலவைகளுக்கு இரண்டு வாரம் கொடுங்கள். மணலும் உப்பும் இரும்புத் துகளும் கலந்த ஒரு கிண்ணத்தைத் தந்து மூன்றையும் பிரிக்கச் சொன்னால், காந்தம், தண்ணீர், வடிகட்டித் தாள், வெயில் ஆகியவற்றை எந்த வரிசையில் பயன்படுத்துவது என்று அவர்கள் வாதாடுவதே பாடம். கரைந்த உப்பு மறையவில்லை என்பதற்கு, கரைப்பதற்கு முன்னும் பின்னும் நிறுத்துப் பார்த்த எடையே சான்று. அடுத்து மறுபடியும் சோடாவும் வினிகரும். இம்முறை தராசின்மேல். 10 கிராம் சோடாவையும் 200 மில்லிலிட்டர் வினிகரையும் தனித்தனிக் கிண்ணங்களில் ஒன்றாகத் தராசில் வைத்து எடையைக் குறித்து, வினிகரில் சோடாவைச் சிறிது சிறிதாகக் கொட்டி, நுரை அடங்கியதும் காலிக் கிண்ணத்தோடு சேர்த்து மறுபடி நிறுங்கள். 4 அல்லது 5 கிராம் காணாமல் போயிருக்கும். அது எங்கே போயிற்று என்ற கேள்வி கார்பன் டை ஆக்சைடுக்கு இட்டுச் செல்லும்; காற்றுக்கு எடையே இல்லை என்று நினைத்திருந்த பிள்ளைக்கு இது பெரிய செய்தி. வினிகரின் வெப்பநிலை இறங்கியிருப்பதையும் கவனிக்கச் சொல்லுங்கள். ஊதா நிற முட்டைக்கோஸின் சாற்றைக் கொண்டு அமிலத்தையும் காரத்தையும் இனங்காணும் சோதனை ஒரு வாரத்தை இனிமையாக நிரப்பும். மஞ்சள்தூள் கரைசல் காரத்தில் சிவப்பதையும் அதனருகே வைத்து ஒப்பிடலாம்.

இந்தப் பகுதியில் ஒரு சோதனையைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் அதற்குத் தவறான விளக்கம் பரவலாகப் புழங்குகிறது. தட்டில் தண்ணீர் ஊற்றி நடுவில் எரியும் மெழுகுவத்தியை நிறுத்திக் கண்ணாடிக் குவளையால் மூடினால் சுடர் அணைந்து தண்ணீர் குவளைக்குள் ஏறும். காற்றில் ஐந்தில் ஒரு பங்காக இருந்த ஆக்சிஜன் தீர்ந்துபோனதால் அந்த இடத்தைத் தண்ணீர் நிரப்புகிறது என்று எழுதுகிறார்கள். உண்மையில் ஆக்சிஜன் முழுவதும் தீரும் முன்பே சுடர் அணைந்துவிடுகிறது. எரிந்த ஆக்சிஜனுக்குப் பதிலாகக் கார்பன் டை ஆக்சைடும் நீராவியும் உண்டாகின்றன. தண்ணீர் ஏறுவதற்கு முக்கியக் காரணம், சுடரால் சூடாகி விரிந்திருந்த காற்று குளிர்ந்து சுருங்குவதே. இதை நம்பச் சொல்ல வேண்டியதில்லை, பார்க்கச் சொல்லலாம்: சுடர் எரியும்போது தண்ணீர் அவ்வளவாக ஏறுவதில்லை, அணைந்த பிறகுதான் விரைவாக ஏறுகிறது. ஒரு வத்திக்குப் பதில் மூன்று வத்திகளை வைத்தால் இன்னும் உயரமாக ஏறுகிறது. குவளைக்குள் இருந்த ஆக்சிஜனோ அதே அளவுதான். ஆங்கில அறிவியலாளர் மைக்கேல் ஃபாரடே 1860-61 குளிர்காலத்தில் லண்டன் ராயல் இன்ஸ்டிடியூஷனில் இளையோருக்காக ஆற்றிய உரைத்தொடர் முழுவதும் ஒரு மெழுகுவத்தியைப் பற்றியதே. ஒரு பொருளில் ஐந்து வாரம் தங்குவது மிகையா என்று ஐயம் வந்தால் அதை நினைத்துக்கொள்ளுங்கள். தீப்பெட்டி மட்டும் எப்போதும் பெரியவர் கையில் இருக்கட்டும்.

இயக்கத்துக்கு ஊசல் போதும் என்றே சொல்வேன். நூலில் ஒரு திருகுமரையை (நட்டை) கட்டித் தொங்கவிட்டு, பத்து முழு வீச்சுகளுக்கு (போய்த் திரும்பி வருவது ஒரு வீச்சு) ஆகும் நேரத்தை அளக்கச் சொல்லுங்கள். ஒரு வீச்சை அளந்தால் கைத்தவறே பெரிதாக இருக்கும், பத்தை அளந்து வகுத்தால் தவறும் வகுபடும் என்பதை இங்கே கற்றுக்கொள்வார்கள். எடையைக் கூட்டினால் நேரம் மாறுமா, இழுத்துவிடும் தூரத்தை மாற்றினால் மாறுமா, நூலின் நீளத்தை மாற்றினால் மாறுமா என்ற மூன்று கேள்விகளையும் ஒவ்வொன்றாகச் சோதிக்க வேண்டும். ஒரே நேரத்தில் ஒன்றை மட்டுமே மாற்ற வேண்டும் என்ற ஒழுங்கு இந்தச் சோதனையில் பதிவதுபோல வேறெங்கும் பதிவதில்லை. சிறிய வீச்சுகளில் நீளம் மட்டுமே நேரத்தை மாற்றுகிறது. 25 சென்டிமீட்டர் ஊசலுக்குப் பத்து வீச்சுகளுக்குச் சுமார் 10 நொடியும் ஒரு மீட்டர் ஊசலுக்குச் சுமார் 20 நொடியும் ஆகும். நான்கு மடங்கு நீளத்துக்கு இரு மடங்கு நேரம் என்ற இந்த உறவைப் பெரிய பிள்ளை வரைபடத்தில் பார்த்துவிடும். நீளத்தைக் கட்டிய இடத்திலிருந்து திருகுமரையின் நடுப்பகுதிவரை அளக்க வேண்டும். ஒரு மீட்டர் ஊசல் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் போக ஒரு நொடி எடுப்பதால், அதையே கடிகாரமாக வைத்து அடுத்த சோதனைக்குப் போகலாம்: பள்ளம் வெட்டிய இரண்டு மீட்டர்ப் பலகையின் ஒரு முனையை ஐந்தாறு சென்டிமீட்டர் உயர்த்திக் கோலியை உருட்டி, ஒவ்வொரு நொடியிலும் அது இருக்கும் இடத்தைக் குறித்தால், அடுத்தடுத்த இடைவெளிகள் ஏறத்தாழ 1, 3, 5, 7 என்ற விகிதத்தில் வளரும். கலிலியோ சாய்தளத்தில் கண்டது இதுவே. கனமானது வேகமாக விழும் என்ற நம்பிக்கைக்கு, புத்தகத்தைவிடச் சிறிய தாள் ஒன்றைப் புத்தகத்தின்மேல் வைத்து இரண்டையும் சேர்த்துப் போட்டுக் காட்டுங்கள். 1971-இல் அப்போலோ 15 பயணத்தின்போது விண்வெளி வீரர் டேவிட் ஸ்காட் நிலவில் சுத்தியலையும் இறகையும் ஒன்றாக விழவிட்ட காணொளியை அதன் பின்னரே காட்டுங்கள். நெம்புகோலும் கப்பியும் ஒரு வாரத்தில் முடிந்துவிடும்.

ஒலிக்கு இரண்டு வாரம் போதும். அதில் தவறவிடக் கூடாதது குப்பிச் சோதனை. ஒரே மாதிரியான கண்ணாடிக் குப்பிகளில் வெவ்வேறு அளவு தண்ணீர் ஊற்றிக் கரண்டியால் தட்டினால், தண்ணீர் அதிகமுள்ள குப்பி தாழ்ந்த சுருதியில் ஒலிக்கும். அதே குப்பிகளின் வாயில் ஊதினால், தண்ணீர் அதிகமுள்ளதே உயர்ந்த சுருதியில் ஒலிக்கும். தட்டும்போது கண்ணாடியும் தண்ணீரும் அதிர்கின்றன, ஊதும்போது மேலேயுள்ள காற்று அதிர்கிறது. இந்த முரண்பாட்டை விளக்கிவிடாமல் ஒரு வாரம் அப்படியே விட்டுவையுங்கள். ஒளிக்கு, சிறு துளை வழியே பிம்பம் விழும் ஊசித்துளைப் பெட்டியும், இரண்டு சமதளக் கண்ணாடிகளும் வேண்டும். அவற்றுக்கிடையிலான கோணம் 90 பாகையானால் மூன்று பிம்பங்கள், 60 பாகையானால் ஐந்து என்று எண்ணிக்கொண்டே போகலாம். எந்தக் கருவியோடும், வெறுங்கண்ணோடும் சூரியனைப் பார்க்கக் கூடாது என்பதை முதல் நாளே சொல்லிவிடுங்கள்.

மின்சாரத்தை ஒரு மின்கலம், ஒரு சிறிய டார்ச் பல்பு, ஒரே ஒரு கம்பி என்று கொடுத்து, எரிய வையுங்கள் என்று மட்டும் சொல்லித் தொடங்குங்கள். பல்பு பொருத்தும் தாங்கியைக் கொடுத்தால் பாதிப் பாடம் போய்விடும். எல்இடி ஒரு திசையில் மட்டுமே எரியும் என்பதால் அதைப் பின்னால் வைத்துக்கொள்ளுங்கள். பிறகு இரண்டு பல்புகளை ஒன்றன்பின் ஒன்றாக இணைத்தால் எது அதிகமாக எரியும் என்று கேளுங்கள். முதல் பல்பு மின்சாரத்தைத் தின்றுவிடும் என்று எண்ணும் பிள்ளைக்கு, இரண்டும் ஒரேபோல மங்கி எரிவது வியப்பாக இருக்கும். பல்புகளை இடம் மாற்றிச் சரிபார்க்கச் சொல்லுங்கள். மின்னோட்டமுள்ள கம்பி திசைகாட்டியின் முள்ளைத் திருப்பும் என்று 1820-இல் டென்மார்க் இயற்பியலாளர் ஹான்ஸ் கிறிஸ்டியன் ஓர்ஸ்டெட் கண்டதை அவர்களும் பார்க்கட்டும். கடைசியாக மின்காந்தம்: இரும்பு ஆணியில் 20, 40, 60 சுற்றுகள் சுற்றி ஒவ்வொன்றும் எத்தனை குண்டூசிகளைத் தூக்குகிறது என்று எண்ண வேண்டும். 1.5 வோல்ட் மின்கலம் ஒன்றே போதும். கம்பி சூடேறும், ஆகவே சில நொடிகளுக்குமேல் இணைத்து வைக்க வேண்டாம். சுவரிலுள்ள மின்சாரமும் லித்தியம் மின்கலங்களும் இந்த வேலைகள் எதற்கும் தேவையில்லை. பொத்தான் மின்கலங்களும், நியோடைமியம் எனப்படும் வலிமையான சிறு காந்தங்களும் விழுங்கப்பட்டால் உயிருக்கே ஆபத்து. வீட்டில் இன்னும் சிறிய குழந்தை இருந்தால் அவற்றை உள்ளேயே கொண்டுவராதீர்கள்.

இரண்டு வயதினருக்கும் தனித்தனிப் பாடம் வேண்டாம், ஒரே சோதனையில் தனித்தனி வேலை போதும். ஏழு வயதுப் பிள்ளை ஒப்பிடும், எண்ணும், படம் வரையும். பத்து வயதுப் பிள்ளை மூன்று முறை அளந்து சராசரி எடுக்கும், அட்டவணை போடும், வரைபடம் வரையும். மூத்தவரைத் துணை ஆசிரியராக்கிவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். விடையை முதலில் சொல்லும் உரிமை இளையவருக்கே இருக்கட்டும். ஒவ்வொருவருக்கும் ஒரு குறிப்பேடு வேண்டும். சோதனை தொடங்கும் முன் என்ன நடக்கும் என்று நினைக்கிறார்கள், ஏன் என்று எழுதி, முடிந்த பின் என்ன நடந்தது, இப்போது என்ன நினைக்கிறார்கள் என்று எழுத வேண்டும். எழுதச் சிரமப்படும் இளையவர் சொல்ல, நீங்கள் எழுதலாம். தவறாகப் போன ஊகத்தை அடித்துத் திருத்த விடாதீர்கள். அந்தப் பக்கங்களே நாளை அவர்கள் எவ்வளவு தூரம் வந்திருக்கிறார்கள் என்பதைக் காட்டும், தேர்வு எதுவும் தேவைப்படாது.

உங்கள் தயக்கத்தைப் பற்றி. ஒவ்வொரு பகுதியும் தொடங்குமுன் நீங்கள் தனியாக ஒருமுறை எல்லாச் சோதனைகளையும் செய்து பார்த்துவிட்டால் தயக்கத்தின் பெரும்பகுதி போய்விடும். அளவு எதிர்பார்த்தபடி வராதபோது சரியான விடையைச் சொல்லி மூடிவிடாமல், எங்கே தவறியிருக்கலாம் என்று அவர்களோடு சேர்ந்து தேடுங்கள். வாங்க வேண்டியவை மிகக் குறைவு: ஒரு கிராம்வரை காட்டும் சமையலறைத் தராசு, பாதரசம் இல்லாத வெப்பமானி, அளவுச்சாடி, நிறுத்துக் கடிகாரம், ஊசி இல்லாத பிளாஸ்டிக் சிரிஞ்சுகள், பாதுகாப்புக் கண்ணாடிகள். பெட்டியாக விற்கப்படும் சோதனைத் தொகுப்புகளைவிட நல்ல தராசுக்குச் செலவிடுவது மேல். மூலக்கூறு, அணு என்ற பேச்சை இளையவரிடம் எடுக்க வேண்டாம். மூத்தவரிடம், முனையை அடைத்த சிரிஞ்சில் காற்றை அழுத்த முடிகிறது, தண்ணீரை அழுத்த முடியவில்லை என்று கண்ட பிறகு எடுக்கலாம்.

ஆறாவது கேள்வியையும் அதன் காலி வாரத்தையும் முடித்த பிறகு நேரம் இருந்தால், ஒவ்வொரு பிள்ளையும் தன் சொந்தக் கேள்வி ஒன்றை எடுத்துக்கொள்ளட்டும். அதற்கு மூன்று நிபந்தனைகள் மட்டும் வையுங்கள்: தீயும் ஆபத்தான பொருளும் இல்லாமல் செய்ய முடிய வேண்டும், ஒரு வாரத்தில் முடிய வேண்டும், எண்ணாக அளக்க முடிய வேண்டும். எந்தக் காகித விமானம் சிறந்தது என்று கேட்டால், சிறந்தது என்றால் தூரமா, காற்றில் நிற்கும் நேரமா என்று திருப்பிக் கேளுங்கள். எதை அளப்பது, எதை மாற்றுவது, எத்தனை முறை செய்வது என்பதை அவர்களே முடிவு செய்து எழுதிக் காட்டிய பிறகு வேலையைத் தொடங்கலாம்.